பேக் காய இருபது நிமிடம்

ஒரு விடுகதை. பிறந்த நாளிலிருந்து நாம்தான் அதைச் சுமக்கிறோம். ஊரில் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். சுமக்கிறவர் மட்டும் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அது என்ன? அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். பூங்கொடியும் யோசித்துத்தான் சொன்னாள். ஈரோட்டில் பெருந்துறை ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவள் மகள் மிதுலா போட்ட விடுகதை அது. "முதுகு" என்றாள் பூங்கொடி. "முதுகப் பார்க்கறதுக்கு யாரும்மா மெனக்கெட்டு வர்றாங்க? மொகம்மா, மொகம்" என்று சொல்லிவிட்டு மிதுலா வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். முதுகும் சரியான விடைதான். சொல்லப்போனால் முகத்தைவிட முதுகுக்குத்தான் அது நன்றாகப் பொருந்துகிறது. முகமாவது கண்ணாடியில் தெரியும். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல முடியாது. இப்போது பூங்கொடி ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கும் பியூட்டி பார்லரின் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறாள். முகம் முழுக்க ஃபேஸ் பேக் பூசியிருக்கிறது. இரண்டு கண்மேலும் பன்னீரில் நனைத்த பஞ்சு. மிதுலா வாசலோரப் பெஞ்சில் காத்திருக்கிறாள். பேக் காய இருபது நிமிடம் ஆகும்; அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

வாயைத் திறந்தால் கோடு விழும் என்பது ரோஸ்லினின் சட்டம். பார்லரை நடத்துகிறவள் ரோஸ்லின். பதினாறு வருடமாகப் பூங்கொடியின் முகத்தைத் தொட்டு வருகிறவளும் அவள்தான். "பேசினீங்கன்னா பேக் வெடிச்சிருங்க அக்கா. வெடிச்ச எடத்துல தோலும் அப்பிடியே நின்னுக்கும்" என்று முதல் தடவை சொன்னாள். உண்மையா பொய்யா என்று பூங்கொடி சோதித்துப் பார்த்ததில்லை. இன்று பேக்கைக் குழைத்துக்கொண்டே ரோஸ்லின் வேறொன்றும் சொன்னாள். "அக்கா, நாப்பது வயசத் தாண்டிட்டீங்க. இனி நாப்பது நாளுக்கு ஒண்ணுங்கறது பத்தாது. மூணு வாரத்துக்கு ஒண்ணா மாத்திக்கலாம். பாப்பாவுக்கு நாப்பது நாளுக்கு ஒண்ணு ஆரம்பிச்சர்லாம். சீருக்கு முன்னாடி முதல் ஃபேசியல், அப்புறம் விடாமப் போடோணும். பேக் காயறதுக்குள்ள யோசிச்சு வெச்சுக்குங்க, கழுவுனதும் சொல்லுங்க." சொல்லி முடிப்பதற்குள் பிரஷ் மேலுதட்டுக்கு வந்துவிட்டது. பதில் சொல்ல வழியில்லை. யோசிக்கத்தான் வழி. ஆனால் யோசனை எப்போதும் கேட்ட இடத்தில் உட்காருவதில்லை, முதலில் அது பன்னீரின் பின்னால் போனது; இடது கண் பஞ்சிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதோரமாக இறங்கி, காது மடலில் கொஞ்சம் தயங்கி, உள்ளே போயிற்று. காது. மிதுலாவின் காது. வேண்டாம், கணக்குப் போடலாம், கணக்கு நல்லது. நாற்பது நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு ஒன்பது. பதினாறு வருடத்துக்கு நூற்று நாற்பத்து நான்கு. கொரோனாவில் பார்லர்கள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போனது நான்கு. ஆக நூற்று நாற்பது தடவை இந்த நாற்காலி. மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பதினேழு. மிதுலாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் நாற்பது வயதைத் தொடும்போது, வருடத்துக்கு ஒன்பது வீதம், இருபத்தெட்டு வருடத்துக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு. இருநூற்று ஐம்பத்திரண்டு தடவை அந்தக் குழந்தை மல்லாந்து படுத்து வாயை மூடிக்கொண்டிருக்கும். எண் பெரிதாக இருந்தது, ஆனால் பயம் எண்ணில் இல்லை. பயம் வேறு எங்கோ இருந்தது. நெற்றியில் பேக் இறுக ஆரம்பித்தது. எப்போதும் முதலில் நெற்றிதான், அப்புறம் கன்னத்து ஓரங்கள், பிறகு மூக்கு, கடைசியாக மேலுதடு.

இது எல்லாம் ஒரு பேனரால் வந்தது என்று சொல்லலாம். மிதுலாவுக்குத் திரட்டி சீர் வைத்திருக்கிறார்கள், வருகிற பதினெட்டாம் தேதி, மண்டபத்தில். பெண் பெரியவளானதற்குச் செய்கிற சீர். மஞ்சள் தண்ணீர், தாய்மாமன் தட்டு, பட்டுப் பாவாடை தாவணி, வாசலில் பத்தடி உயரத்தில் மூன்று ஃப்ளெக்ஸ் பேனர். பேனர் வேலையைக் குழந்தைவேலின் அக்கா வசந்தாமணி எடுத்துக்கொண்டாள். குழந்தைவேல் பூங்கொடியின் கணவன், மஞ்சள் மண்டியில் வேலை. வசந்தாமணியைப் பூங்கொடி நங்கையா என்று கூப்பிடுவாள். நங்கையா போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தாள், டிசைன் போடுகிறவன் மிதுலாவின் முகத்து நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினான். கொஞ்சம் ஏற்றினான், அப்புறம் இன்னும் கொஞ்சம். மூக்கு ஒல்லியாயிற்று, கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாக இருக்கிறதே என்று கழுத்தையும் ஏற்றினான். செல்போனில் வந்த படத்தைக் குழந்தைவேல் பெரிதாக்கிப் பார்த்தான். "யாரு புள்ள இது? நம்ம சம்பத்து மச்சான் ஊட்டுப் புள்ளையா?" என்று கேட்டான். சம்பத் பூங்கொடியின் அண்ணன். நக்கலில்லை, நிஜமாகவே கேட்டான். மண்டியில் விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுகிற ஆள் அவன். "மாமா, அது நம்ம மிது" என்றாள் பூங்கொடி. அவன் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். சரி, மாற்றச் சொல்லலாம் என்று நங்கையாவுக்குப் போன் போட்டால், அவள் மூன்று பேனரும் அடித்து வாங்கி வீட்டில் சுருட்டி வைத்துவிட்டாள். "ஃப்ளெக்ஸ அடிச்சாச்சு பூங்கொடி. இனிப் புள்ளையத்தான் அதுக்குத் தக்கன கொண்டாரோணும். உங்க ரோஸ்லினுகிட்ட ரெண்டு தடவ உக்கார வெய்யி, எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள். பேனர் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. பூங்கொடிக்கும் அப்போது தோன்றவில்லை, அதுதான் விஷயம். பதினெட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் அவள் உடனே எண்ணினாள். எண்ணிக்கொண்டே மகளைப் பார்த்தாள். மிதுலா தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள், வாயில் நூல். பிள்ளைக்கு எல்லாம் கேட்டது.

கன்னம் இறுகுகிறது. மூக்கோரம் அரிக்கிறது, விரலால் தொடக் கூடாது. அரிப்பை நினைக்காமல் இருந்தால் அரிக்காது. நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதே அரிப்பு. காதைத்தான் நினைக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தாள், அது திரும்ப வந்துவிட்டது. பிரசவ வார்டில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து நீட்டினாள். குழந்தை சிவப்பாக இருந்தது, எல்லாக் குழந்தையும் அப்போது சிவப்புதான், அதை நம்பக் கூடாது, காது நுனியைப் பார்த்தால்தான் வளர்ந்த பிறகு வரப்போகிற நிறம் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். பூங்கொடி துணியை விலக்கிக் காது நுனியைப் பார்த்தாள். விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணுவதற்கு முன்னால். கண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால். இதை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்துக் கட்டில்காரியும் அவள் பிள்ளையின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் இது பெரிய குற்றமாக இருக்க முடியாது. காது நுனி அடர்த்தியாக இருந்தது, நாவல் பழத் தோல் மாதிரி. பார்த்துவிட்டுத் துணியால் மூடினாள். அப்புறம்தான் விரல்களை எண்ணினாள். பத்து. கீழே மெடிக்கல் ஷாப்பில் யாரோ இருமல் மருந்து கேட்கிறார்கள். ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை டிக் என்கிறது. எண்ணினால் நேரம் தெரிந்துவிடும், ஆனால் எத்தனை டிக் ஒரு நிமிடம் என்று தெரியாது.

பூங்கொடிக்குக் கல்யாணம் வரைக்கும் பார்லர் என்றால் என்னவென்றே தெரியாது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சித்தி மகள் கூட்டிப் போனாள், இந்தப் பார்லர் இல்லை, புதிதாகக் கோர்ஸ் முடித்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு. அந்தப் பெண் ப்ளீச் போட்டு, ஃபேசியலும் போட்டு அனுப்பினாள். முகம் சுள்ளென்றிருந்தது, ஆனால் வெளுப்பு வந்திருந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் காலை நலங்கு. ஏழு பேர் சுற்றி நின்று, அம்மியில் அப்போதுதான் அரைத்த மஞ்சளைக் கன்னத்தில் வழித்து வழித்துப் பூசினார்கள். ப்ளீச் போட்ட முகத்தில் ஒரு வாரத்துக்கு மஞ்சள் படக் கூடாது என்று ப்ளீச் போட்டவளும் சொல்லவில்லை, மஞ்சள் பூசியவர்களும் கேட்கவில்லை. இரண்டும் தனித்தனியாக நல்ல காரியம். மஞ்சள் பிடித்துக்கொண்டது. கழுவினாலும் போகவில்லை, கடலை மாவுக்கும் போகவில்லை, மேலே பவுடர் போட்டால் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஊறல் மாதிரி தெரிந்தது. முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, நாதஸ்வரம் நின்ற நேரமாகப் பார்த்து, "ஏனுங் சம்பந்தி, புள்ளைக்குக் காமால கீமால கண்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே, "நம்மூரு மஞ்சளுங்க, கொஞ்சம் தூக்கலாத்தான் புடிக்கும்" என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. குழந்தைவேலும் சிரித்தான், பிறகு சிரித்ததற்காகப் பூங்கொடியின் கையை யாருக்கும் தெரியாமல் அழுத்தினான். நல்ல மனுசன். பதினோரு நாள் அந்த நிறம் போகவில்லை. முழுசாகப் போன பிறகும் பூங்கொடிக்கு அது போன மாதிரி இல்லை. கல்யாணம் முடிந்து நாற்பதாவது நாள் அவள் விசாரித்துக்கொண்டு ரோஸ்லினிடம் வந்தாள். ரோஸ்லின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாப்பது நாளுக்கு ஒரு தடவ வந்துட்டே இருங்க அக்கா, திரும்ப வராது" என்றாள். எது திரும்ப வராது? அன்று கேட்கவில்லை. மஞ்சள்தான் போய்விட்டதே. அப்படியானால் எது? கேட்காமலே பதினாறு வருடம் வந்தாயிற்று. இப்போது கேட்கலாம் என்றால் பேக் காய்கிறது.

ஒரு தடவை இதே நாற்காலியில், இதே நேரத்தில், மடியில் இருந்த போன் அதிர்ந்தது. நின்றது. திரும்ப அதிர்ந்தது. ஆறு தடவை. கண்மேல் பஞ்சு இருந்ததால் யாரென்று பார்க்கவில்லை, பார்த்தாலும் பேச முடியாது என்பதால் பார்க்கவில்லை. கழுவித் துடைத்த பிறகு எடுத்தால் அண்ணன் சம்பத். அப்பா தோட்டத்துக் கிணற்று மேட்டில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றான். பூங்கொடி போய்ச் சேர்ந்தபோது அப்பா இருந்தார், பேசினார், இன்னும் நாலு மாதம் இருந்தார். ஆகவே அந்த ஆறு அழைப்பால் எதுவும் கெட்டுப்போகவில்லை. இப்படித்தான் அவள் ஒவ்வொரு தடவையும் முடிப்பாள், எதுவும் கெட்டுப்போகவில்லை என்று. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி அவளைப் பார்த்ததும் சொன்ன முதல் பேச்சு, "என்ன கண்ணு, மொகம் பளிச்சுன்னு இருக்குது" என்பது.

மூக்கு இறுகிவிட்டது. அரிப்பும் அதோடு அடங்கியது. இன்னும் எட்டு நிமிடம் இருக்கலாம், ஏழு இருக்கலாம். மூன்று வாரமா நாற்பது நாளா என்பதை அவள் இன்னும் தொடவே இல்லை. கொரோனா வந்து அந்த நான்கு தடவை விட்டுப்போனபோது பூங்கொடி குளியலறைக் கண்ணாடிமேல் ஈரத் துண்டைப் போட்டு வைத்தாள், காய்வதற்கு வேறு இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டு. மிதுலாவுக்கு அப்போது ஏழு வயது, பள்ளிக்கூடம் செல்போனுக்குள் இருந்தது. ஒரு நாள் பாடத்தின் நடுவில் எழுந்து வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த பூங்கொடியின் கன்னத்தோடு தன் முழங்கையை ஒட்டி வைத்துப் பார்த்தாள். "அம்மா! நீ இப்ப என்னோட கலர்ல இருக்க!" என்றாள். அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்களிடம் சொன்னாள். ஒரு வாரம் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் பூங்கொடிக்குப் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்து, "மாமா போட்டோ எடுப்பா" என்று, அம்மா கூப்பிடுகிற மாதிரியே அப்பாவைக் கூப்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். பூங்கொடியும் சிரித்தாள். திரும்ப வராது என்று ரோஸ்லின் சொன்னது இதைத்தானோ என்று அன்று இரண்டு தடவை நினைத்தாள், மூன்றாம் தடவை நினைக்கவில்லை. பார்லர்களைத் திறக்கலாம் என்று அறிவித்த மூன்றாம் நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்குத் திரும்பி முகக்கவசத்தைக் கழற்றியபோது மிதுலா வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டவில்லை. குனிந்து, விட்ட இடத்திலிருந்து தீட்டினாள். எந்தப் படம், எந்த வர்ணம் என்று பூங்கொடி பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்க வேண்டும் என்ற இடத்தில் ஏதோ ஒன்று நின்றது. கன்னம், நெற்றி, மூக்கு எல்லாம் ஓடாகிவிட்டிருந்தன, உள்ளே முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அந்த இடத்தில் பூங்கொடிக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைக்கு வேண்டாம். நாற்பது நாளுக்கு ஒன்றும் வேண்டாம், சீருக்காக ஒன்றும் வேண்டாம். பேனரைச் சுருட்டினபடியே நங்கையா வைத்துக்கொள்ளட்டும், பதினெட்டாம் தேதி மிதுலா மிதுலாவாகவே மணையில் உட்காரட்டும். தன்னுடைய கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கழுவினதும் முதல் பேச்சு இதுதான். எதிர்பார்த்த அளவுக்கு இது கஷ்டமாக இல்லை. ஒரு பையைக் கீழே வைத்த மாதிரிதான் இருந்தது. அப்போதுதான் சுழல் நாற்காலி கிரீச்சிட்டது. மிதுலா பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்ன பாப்பா, போரடிக்குதா?" என்றாள் ரோஸ்லின்.

"இல்லீங்க அக்கா. அது என்ன மெஷினு?"

"ஆவி புடிக்கறது. உனக்குப் போடறப்ப அதுலதான் முதல்ல."

"வலிக்குங்களா?"

"ஆவில கொஞ்சம் சுள்ளுங்கும். வேற ஒண்ணும் கெடையாது. உங்கம்மாவப் பாரு, எப்பிடிச் சாமி சிலையாட்டப் படுத்திருக்காங்க."

"பேசக் கூடாதுங்களா?"

"கூடவே கூடாது. இங்க வர்றவங்கள்ல உங்கம்மாதான் ஃபர்ஸ்ட் ரேங்க். பதினாறு வருசத்துல ஒரு தடவ வாயத் தொறந்ததில்ல."

மிதுலா சிரித்தாள். "வீட்டுல வந்து பாருங்க" என்றாள். ரோஸ்லினும் சிரித்தாள். பூங்கொடிக்கும் சிரிப்பு வந்தது, கன்னத்தில் எங்கோ மெல்லியதாக ஓர் இழுப்பு உண்டாயிற்று, உடனே நிறுத்திக்கொண்டாள்.

"சரி, நீயே சொல்லு" என்றாள் ரோஸ்லின். காலண்டர் தாள் சரசரத்தது. தேதிகளை அதில்தான் குறிப்பாள். "சீருக்கு மட்டும் ஒரு தடவ போட்டு விட்டர்லாமா, இல்ல நாப்பது நாளுக்கு ஒரு தடவ வர்றியா? அம்மா எந்திரிக்கறதுக்குள்ள நாம முடிவு பண்ணிக்கலாம்."

பூங்கொடி வலது கையை உயர்த்தினாள். வேண்டாம் என்பதற்காக உயர்த்தினாள். இந்தப் பார்லரில் பேக் போட்டவர்கள் கையை உயர்த்தினால் ஃபேனைக் கூட்டி வை என்று அர்த்தம். பதினாறு வருடமாகப் பூங்கொடியே அதற்காகத்தான் உயர்த்தியிருக்கிறாள். "புழுங்குதுங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டு ரோஸ்லின் ஃபேனைக் கூட்டினாள். டிக் சத்தம் வேகமாயிற்று. பூங்கொடி கையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். "இப்பக் காத்து வரும், வரும்" என்றாள் ரோஸ்லின்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஒரு சொல்தான். வாய் ஒரு முறை நன்றாகத் திறந்து ஒரு முறை மூட வேண்டும். மேலுதடு மட்டும்தான் இன்னும் ஈரம், மற்றதெல்லாம் இறுகியாயிற்று. திறந்தால் உதட்டோரத்திலிருந்து கன்னம் வரைக்கும் இரண்டு பக்கமும் வெடிக்கும். இன்னும் நாலு நிமிடம் இருக்கும், மூன்றுகூட இருக்கலாம். பிள்ளை என்ன சொன்னால் என்ன, முடிவு செய்வது அவளா? கழுவினதும் சொல்லிக்கொள்ளலாம். நாலு நிமிடத்தில் எதுவும் கெட்டுப்போகாது. நாக்கு உள்ளே அந்தச் சொல்லை உருட்டித் தயாராக வைத்திருந்தது. உதடு அசையவில்லை.

"நடுவுல நிறுத்திட்டா என்ன ஆகுங்க?" என்று மிதுலா கேட்டாள்.

"பழையபடி ஆயிரும்."

"பழையபடின்னா? இப்ப நா இருக்கற மாதிரியா?"

"ஆமாங் கண்ணு."

மிதுலாவின் நாற்காலி இடமும் வலமுமாகத் திரும்பும் சத்தம் கேட்டது. பூங்கொடி எண்ணினாள். இடம், வலம், இடம், வலம், ஒன்பது தடவை.

"அம்மாவுக்கு எத்தன நாளுக்கு ஒரு தடவைங்க?"

"இத்தன நாளா நாப்பது. இனி மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு சொல்லியிருக்கறேன். அம்மா இன்னும் பதில் சொல்லல."

"அப்ப எனக்கும் மூணு வாரம் போட்டுக்குங்க."

"சின்னப் புள்ளைக்கு அத்தன வேண்டாஞ் சாமி. நாப்பதே போதும்."

நாற்பது போதாது என்று மிதுலா தலையாட்டினாள் போலிருக்கிறது, ரோஸ்லின் "சரி, சரி" என்றாள். காலண்டரில் பேனா உரசியது. மிதுலா மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.